மேடையில் மாறிப்போன கேடயங்கள்

நம் கிரிக்கெட் அணி உலகக் கோப்பையோடு திரும்பிய வருடம் நான் பம்பாயில் ஓர் அரசு அலுவலகத்தில் ஸ்டெனோவாக இருந்தேன். வீடு மாட்டுங்காவில். கிரிக்கெட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், மேட்ச் நடக்கும்போது என் கணவரிடம் எதுவும் கேட்கக் கூடாது என்பதுதான்.

அணிக்கு அரசுப் பாராட்டு விழா என்று முடிவானதும், அழைப்பிதழிலிருந்து வீரர்களின் பெயர்ப் பட்டியல்வரை எல்லாவற்றையும் நான்தான் டைப் செய்தேன். விழாவன்று காலை எங்கள் மராத்தி அதிகாரி கூப்பிட்டார். மேடையில் கேடயத் தட்டு ஏந்த வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சலாம்.

"நீங்களே நில்லுங்க மேடம். லிஸ்ட் உங்களோடதுதானே?" என்று இந்தியில் சொன்னார். ஆபீஸுக்குக் கட்டிவந்த வாயில் புடவையோடு நின்றிருந்தேன். மறுக்கத் தோன்றவில்லை.

ஒவ்வொரு கேடயத்திலும் ஒரு வீரரின் பெயர் பொறித்திருந்தது. பட்டியல் வரிசைப்படி அடுக்கிவைத்தேன். பெயரை அழைத்ததும் வீரர் வருவார். நான் எடுத்துக் கொடுப்பதை அமைச்சர் வழங்குவார். முதல் மூன்று பேர் சரியாகப் போனார்கள். நான்காவது பெயரின்போது கூட்டம் போட்ட கூச்சலில் எதுவும் காதில் விழவில்லை. இரண்டு பேர் சேர்ந்து எழுந்து வந்தார்கள். அமைச்சர் கையை நீட்டினார். மேலே இருந்ததைக் கொடுத்தேன். கை மறுபடி நீண்டது, அடுத்ததையும் கொடுத்தேன். அதன் பிறகு யார் வந்தார்கள், எதை வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது.

கடைசிக்கு முன்னால் வந்தவர் கேடயத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இது என்னுடையது இல்லையே," என்றார் இந்தியில், மெதுவாக. தட்டில் மிச்சமிருந்த ஒன்றை நீட்டினேன். அதிலும் அவர் பெயர் இல்லை போலிருக்கிறது. சிரித்துத் தலையாட்டிவிட்டு, கையில் இருந்ததோடு போய் உட்கார்ந்தார்.

சாயங்காலம் வீட்டு வாசலிலேயே கணவர் பிடித்துக்கொண்டார்.

"யாரையெல்லாம் கிட்டத்துல பாத்தே?"

"தெரியலையே."

"தெரியலையா! உயரமா இருந்தாரா? மீசை உண்டா?"

"முக்காவாசிப் பேருக்கு மீசை இருந்துது."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "உன்னைப் போய் அங்க நிறுத்தியிருக்கா பாரு!"

"ஏன்னா, கேடயமெல்லாம் மாறிப்போயிடுத்து. மெமோ வருமோ?"

"நான் பாக்கலையே. டிவியில கேப்டனைத்தான் காட்டிண்டே இருந்தான்."

மறுநாள் அதிகாரி விழா அறிக்கையைச் சொல்லச் சொல்ல நான் சுருக்கெழுத்தில் எடுத்தேன். வீரர்கள் அனைவரும் வரிசைப்படி வந்து தத்தம் கேடயங்களைப் பெற்றுக்கொண்டனர் என்றார். என் பென்சில் நின்றது.

"சார், நாலாவது பேருக்கு அப்புறம்..." என்று இழுத்தேன்.

"என்ன அப்புறம்? நான் முன்வரிசையிலதானே இருந்தேன். எல்லாம் அழகா நடந்ததே!"

மறைப்பதற்காகச் சொன்ன முகமில்லை அது. மூன்று பிரதிகள் டைப் செய்து கையெழுத்துக்கு வைத்தேன். மெமோ வரவில்லை. தன்னுடையது இல்லை என்ற அந்த வீரர் ஒருவேளை என்னிடம் விளையாட்டுக்குச் சொன்னாரோ? மற்றவர்கள் பின்னால் தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்களோ? யாரைக் கேட்பது?

இரண்டு மாதம் கழித்து இன்னொரு விழாவுக்கும் தட்டு ஏந்த என்னையே போட்டார்கள். இந்த முறை பட்டியலில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் போட்டோ ஒட்டித் தரச் சொன்னேன். எதற்கென்று அதிகாரிக்குப் புரியவே இல்லை.