சோமோயேயின் நெஞ்சுயரம்

மரத்தைக் கட்டிப்பிடிப்பது போல நின்று, அளவு நாடாவைப் பின்பக்கமாகச் சுற்றி வாங்கி, நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் சோமோயே கைபேசியைத் திறப்பாள். சுற்றளவைத் தட்டுவாள், படம் எடுப்பாள், நாடாவை உதறுவாள், அடுத்த மரம். சம்பளம் கிடையாது. ஊர்க் காட்டை ஊராரே அளக்கும் தொண்டர்களில் அவள் ஒருத்தி. மழை படாமல் இருக்கக் கைபேசியை மாவுப் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருப்பாள். பெற்ற பிள்ளைகளைக்கூட அப்படிப் பொத்தி வளர்க்கவில்லை என்று அவள் புருஷனே சொல்வான்.

எங்கள் லிவாலே ஊர்ப் பக்கத்தில் அவளைவிட உயரமான பெண் இல்லை. நெஞ்சுயரத்தில் அளக்க வேண்டும் என்பது விதி. அதற்கென்று வெட்டிய கம்பும் கொடுத்திருந்தார்கள். "எனக்குத்தான் நெஞ்சு இருக்கே, கம்பு எதுக்கு?" என்று அதை அவரைக்கொடிக்கு ஊன்றிவிட்டாள்.

மஷாகா கரி சுடுகிறவன். தன் வயலில் வெட்டிய கட்டையை மட்டுமே மூட்டம் போடுவான். அவன் குலத்துக்கும் அவள் குலத்துக்கும் கேலிமுறை. இழவு வீட்டில்கூட வாரிக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது.

"ஏய் ஒட்டகச்சிவிங்கி, மேல மேகத்துல மழை இருக்கான்னு எட்டிப் பாத்துச் சொல்லுடி!"

"போடா கரிப்பானை, மூஞ்சியக் கழுவிட்டு வா, யாருன்னே தெரியல!"

போன மழைக்குப் பிறகு, காட்டில் மரத்தின் அளவு குறைந்திருப்பதாக நகரத்து அலுவலகம் சொல்லியனுப்பியது. வளர வேண்டிய காடு தேய்ந்தால் யாரோ வெட்டுகிறார்கள் என்றுதானே அர்த்தம்? ஊர்க்கூட்டத்தில் சோமோயே எழுந்து, "கரி எங்கேருந்து வருதுன்னு கேளுங்க" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. எல்லோரும் மஷாகாவைத் திரும்பிப் பார்த்தோம். அவன் மூட்டம் போடத் தடை விழுந்தது.

பிறகு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து சோமோயேயோடு காட்டுக்குள் நடந்தாள். முதல் மரத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. அவளுக்கு முன்பு அந்த மரங்களை அளந்தவர்கள் கம்பை வைத்து அளந்தார்கள். சோமோயேயின் நெஞ்சு கம்பைவிட ஒரு சாண் மேலே. மேலே போகப் போக மரம் மெலிகிறது. மற்றபடி காட்டில் ஒரு மரமும் குறையவில்லை.

அடுத்த கூட்டத்தில் அவளே எழுந்து நின்றாள். "தப்பு என் மேலதான். மஷாகா ஒரு மரத்தையும் தொடல." தடை நீங்கியது. சிலர் சிரித்தார்கள். மஷாகா மட்டும் எழுந்து, "பரவாயில்லைங்கம்மா" என்றான். எங்கள் பக்கத்தில் கேலி உறவுக்காரன் மரியாதையாகப் பேசினால், உறவை முடித்துக்கொண்டான் என்று பொருள்.

அவள் விடுவதில்லை. வழியில் கண்டால், "என்ன கரிப்பானை, நாக்கையும் சேத்துச் சுட்டுட்டியா?" என்று வாரிப் பார்க்கிறாள். "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று விலகி நடக்கிறான். வெட்கப்பட வேண்டியவர்கள் ஊர் முழுக்க இருக்கிறோம். அவள் ஒருத்திதான் அதைச் சுமந்துகொண்டு திரிகிறாள்.

நேற்றுக் காலை மசூதி மேட்டில் அவன் கரிமூட்டை ஏற்றிய சைக்கிளைத் தள்ள முடியாமல் திணறினான். சோமோயே கேட்காமலே பின்னால் போய் இரண்டு கையும் கொடுத்துத் தள்ளினாள். சந்தைக்குப் போகிற கூட்டமே நின்று பார்த்தது. மேட்டின் உச்சியில் அவன் திரும்பி, "ரொம்ப நன்றிங்கம்மா" என்றான்.

சோமோயே கரி படிந்த கையாலேயே தலைத்துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.