ஏழு கட்டத்துக்கு ஒரு புள்ளி

கட்டம் நிரப்பிப் பிழைக்கிற தொழிலில் முதலில் கண் போகும், அப்புறம் இடுப்பு போகும், கடைசியில் எது பூ எது புள்ளி என்கிற விவஸ்தையும் போகும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாகத் தட்டிக்கொண்டிருக்கிற என் சகபாவிகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. பதினோரு வருடம் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு டிசைன் சென்டரில் பட்டுப் புடவைக்கு மயிலும் யாளியும் போட்டவள் நான். போன வருடம் எந்தக் கிரகம் பிடித்ததோ, செவிலிமேட்டில் ஒரு வீட்டு மாடியில் நடக்கிற வீடியோ கேம் கம்பெனியில் போய்ச் சேர்ந்தேன். கம்பெனி என்றால் மூன்று பேர். முதலாளி முரளி, முசரவாக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து புரோகிராம் எழுதுகிற ஜெபா, படம் போடுகிற நான்.

கருப்பு யார் எடுப்பார்கள்?

இன்டர்வியூவில் முரளி விளையாட்டைப் பற்றி விளக்கினான். பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியிடம் பேய்க்கோட்டை விளையாட்டு ஒன்று இருக்கிறதாம். நாலு பாகம் வந்துவிட்டதாம். அதில் வருகிற பேய் ராணியைக் கண்டால் விளையாடுகிறவர்கள் நடுங்குவார்களாம். அந்த ராணிக்கு ஒரு சின்னப் பையன், அவனுக்கு இருட்டென்றால் பயம், கோட்டைக்குள் குதித்துக் குதித்து அம்மாவைத் தேடிப் போகிறான். இதுதான் எங்கள் விளையாட்டு. உள்ளங்கையில் அடங்குகிற சின்ன விளையாட்டுப் பெட்டியில் ஓட வேண்டும். பயமாகவும் இருக்க வேண்டும், சிரிப்பாகவும் இருக்க வேண்டும்.

இரண்டும் ஒன்றாக எப்படி இருக்கும் என்று எனக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு, தெரிந்ததைக் கேட்டேன். "எத்தனை கட்டத்துல போடணும்?" முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு என்றான். எங்கள் தொழிலில் அதற்குள் ஒரு மயிலின் கொண்டைதான் கொள்ளும். "கலரு?" கருப்பு வெள்ளை மட்டும்தான், பெட்டியின் திரையே அப்படி என்றான். பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது: "கருப்பா? முகூர்த்தத்துக்கு யாரும் எடுக்கமாட்டாங்களே!" முரளி பேனாவை மூடி வைத்தான்.

"அக்கா, இத யாரும் கட்டிக்கப் போறது இல்லக்கா."

நாற்காலி

வேலையை விடுகிறேன் என்று டிசைன் சென்டர் முதலாளியிடம் சொல்லப் போனேன். அவர் கோபப்படவில்லை. ஆடி மாதம் வேலை மந்தம். அது முடிகிற வரைக்கும் என் நாற்காலியில் யாரையும் உட்காரவைக்க மாட்டாராம். ஆவணி முகூர்த்த ஆர்டர் வந்துவிட்டால் வேறு ஆள்.

இந்தப் பக்கம் முரளியும் ஒரு கெடு சொல்லியிருந்தான். விளையாட்டின் முதல் சுற்றைச் செய்து பெங்களூருக்கு அனுப்ப வேண்டும். அவர்களுக்குப் பிடித்தால் மீதி விளையாட்டையும் எங்களுக்கே தருவார்கள். பிடிக்காவிட்டால் மாடியைக் காலி செய்ய வேண்டியதுதான். அவர்கள் முடிவு ஆடிக்குள் வருமா, ஆவணி பிறந்த பிறகு வருமா, முரளிக்கே தெரியாது. பின்னால் வந்து, பிடிக்கவும் இல்லை என்றால் எனக்கு அங்கேயும் வேலை இருக்காது, இங்கேயும் இருக்காது. பேய் விளையாட்டுக்குப் படம் போடப் போகிறேன் என்று மட்டும் சொல்லி, இதையெல்லாம் சொல்லாமல் சும்மா சிரித்து வைத்தேன். ஆனால் டிசைன் சென்டர்க்காரர் பழம் தின்று கொட்டை போட்டவர்.

"பேய்க்கு ஏதும்மா முகூர்த்த நாளு? அத நம்பிப் போற."

பாதிப் பேய்

முதல் வாரமே பையனைப் போட்டு ஜெபாவிடம் கொடுத்துவிட்டேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், அவள் திரையில் ஒரு கண், ஒரு கை, ஒரு காலோடு ஏதோ ஒன்று நொண்டியடித்துக்கொண்டிருந்தது. இது என்ன கண்ராவி என்று கேட்டேன். நீங்கள் கொடுத்ததுதான் என்றாள்.

விஷயம் இதுதான். புடவையில் சரிபாதியாக வருகிற பூவை நாங்கள் பாதிதான் போடுவோம். மறுபாதியைத் தறியே திருப்பிப் போட்டுக்கொள்ளும். பையனும் முன்பக்கம் பார்த்து நிற்கிறவன்தானே என்று பாதியோடு நிறுத்திவிட்டேன். ஜெபாவோ, புதுவகைப் பேய் போலிருக்கிறது, அக்கா அனுபவசாலி, கேள்வி கேட்கக் கூடாது என்று காலை முழுக்க உட்கார்ந்து அதற்கு நடை பழக்கியிருக்கிறாள். எனக்கு அவமானமாக இருந்தது. அவளுக்கு அதைவிடச் சங்கடம்.

"மீதிப் பையன் இன்னிக்கே வந்துடுவானாக்கா, இல்ல நாளைக்கா?"

வெள்ளிக்கிழமை விரதம்

பையன் தூங்குவதற்குச் சவப்பெட்டி போட வேண்டும் என்றான் முரளி. பிள்ளை தூங்கக் கட்டிலா கிடைக்கவில்லை என்று கேட்டேன். இது வெள்ளைக்காரப் பேய், அதற்கு அதுதான் கட்டில் என்றான். சரி, தொழில் என்று வந்துவிட்டோம். ஆனால் அன்றைக்கு வெள்ளிக்கிழமை. காலையில் கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றியில் குங்குமம் காயாமல் வந்து உட்கார்ந்து சவப்பெட்டி போட எனக்குக் கை வரவில்லை. வெளிப்படையாகச் சொல்லிவிட்டேன்.

ஜெபா தன் பங்குக்கு, அவள் சர்ச்சில் பார்த்த சவப்பெட்டி எதுவும் பெங்களூரிலிருந்து வந்த மாதிரிப் படத்தில் இருப்பது போலத் தோளில் அகலமாகவும் காலில் குறுகலாகவும் இருந்ததில்லை என்றாள். பேய்க்கோட்டையில் யார் பெட்டி செய்கிறார்கள், எதற்கு அந்தக் கோணல் என்று நாங்கள் இரண்டு பேரும் தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்தோம். முரளி தலையில் கை வைத்தபடி தீர்ப்பு சொன்னான்.

"சரிக்கா, வெள்ளிக்கிழம பேய மட்டும் போடுங்க, பொட்டிய சனிக்கிழம வெச்சிக்கலாம்."

புதுப் பட்சி

என் வீட்டுக்காரர் வீட்டிலேயே தறி போட்டிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை புடவைக்கு ஆர்டர் சொல்ல ஓர் அம்மா வந்திருந்தார். நான் கோட்டைச் சுவருக்குப் போட்டிருந்த படத்தைத் தாளில் எடுத்து, வரிசை சரியாக வருகிறதா என்று தரையில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே கூர்கூராகக் கோபுரம், மேலே இறக்கையை விரித்தபடி வரிசையாக வவ்வால்.

அந்த அம்மா வீட்டுக்காரர் காட்டிய அன்னத்தையும் மயிலையும் ஒதுக்கிவிட்டு, என் தாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். பார்டர் ரொம்ப எடுப்பாக இருக்கிறதாம், இந்தப் பட்சியை எங்கேயும் பார்த்ததில்லையாம், இதையே அரக்குச் சிவப்பில் நெய்து தர வேண்டுமாம். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வேண்டுமென்றே விட்டத்தைப் பார்த்தார். மறைத்து விற்பது பாவம் என்று உண்மையைச் சொன்னேன். அது வவ்வாலுங்கம்மா, பேய்க்கோட்டைக்காகப் போட்டது. அவர் தாளை இன்னொரு முறை கையில் எடுத்து நிதானமாகப் பார்த்தார்.

"இருந்தா இருக்கட்டும்மா, என் மாமியாருக்குத்தான் எடுக்கறேன்."

சிரிப்பு எங்கே?

பெங்களூர் கம்பெனியில் எங்களைப் பார்த்துக்கொள்கிறவர் ரேகா மேடம். தமிழ்க்காரர்தான். முதல் தடவை அனுப்பியதை விளையாடிப் பார்த்துவிட்டு வீடியோவில் வந்தார். நாங்கள் மூன்று பேரும் ஒரே பெஞ்சில், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். வரிசை சுத்தம், கோடு சுத்தம், எல்லாம் அழகு என்றார். நான் பூரித்துப்போனேன். அழகாக இருந்தால் தோல்வி என்று எனக்கு அப்போது தெரியாது.

பையன் மேல் பரிதாபம் வர வேண்டுமாம். தொளதொளவென்று அவன் அம்மாவின் கருப்பு அங்கியைப் போர்த்திக்கொண்டு நடக்கட்டும் என்றார். இரண்டு வாரம் கெடு, அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. நாள்காட்டியைப் பார்த்தேன். அந்த இரண்டாவது வாரம் முடிகிற அன்றுதான் ஆடியும் முடிகிறது. போகும்போது மேடம் இன்னொன்றும் சொன்னார்.

"பாக்க நல்லாருக்குது, ஆனா பயமும் வரல சிரிப்பும் வரல. கல்யாண வீட்டுல நிக்கற மாதிரி இருக்குது."

ஓட்டை

அங்கியை இரண்டு வாரமும் திருப்பித் திருப்பிப் போட்டேன். கடைசி நாள் காலையில் அதைக் கொடுத்ததும் ஜெபா அவசர அவசரமாகச் சேர்த்தாள், முரளி அனுப்பிவிட்டான். அனுப்பிய பிறகுதான் ஜெபா விளையாட்டுப் பெட்டியைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "அங்கியில என்னக்கா இவ்ளோ ஓட்ட?" என்றாள். எங்கே ஓட்டை என்றேன். விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். என் கண்ணுக்கு அது ஓட்டையாகத் தெரியவே இல்லை. நல்ல கெட்டிக் கருப்பாகத்தான் தெரிந்தது.

சகபாவிகளுக்குப் புரிந்திருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஜரிகை இழை புடவையின் மேல் நீளமாகக் கிடந்தால் வளையலில், மெட்டியில் மாட்டி இழுத்துக்கொள்ளும். அதனால் ஏழு கட்டத்துக்கு ஒரு கட்டம் விட்டுப் புள்ளி வைத்து இழையை அங்கே பிடித்துவிடுவோம். பதினோரு வருடத்தில் புள்ளி வைக்காமல் ஒரு பெரிய பூவும் நான் போட்டதில்லை. கை தானாக வைத்துவிட்டது. பேயின் அங்கி முழுக்க வெள்ளை வெள்ளையாக ஓட்டை. முரளி, ஜெபா இரண்டு பேரின் வேலையும் என் பழைய நாற்காலியும் அந்த ஓட்டை வழியாகப் போய்விட்டது என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முரளி திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

"விடுக்கா, கேட்டா ஸ்டைலுன்னு சொல்லிக்கலாம்."

வளையல்

சாயந்திரமே ரேகா மேடம் வீடியோவில் வந்துவிட்டார். எடுத்த எடுப்பில் கேட்டார், "அங்கியில ஓட்டையா இருக்குதே, பூச்சி அரிச்சதா?" முரளி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "இல்லீங்க மேடம். வளையல்ல மாட்டாம இருக்க." லைன் போய்விட்டதோ என்று ஜெபா வயரை ஆட்டிப் பார்த்தாள். நான் ஜரிகை, மெட்டி, ஏழு கட்டம் எல்லாவற்றையும் கொட்டினேன். பேய்ப் பையனுக்கு ஏது வளையல் என்று நானே நடுவில் நிறுத்தினேன். அங்கே அவர் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

சிரித்து முடித்துவிட்டு, புள்ளி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். "எல்லாத்துலயும் மாட்டுங்க. ஆணியில, கதவுல, நாற்காலியில. இழை இழுத்துக்கினே வரும். கட்டிக்கினு இருக்கறவ அப்படியே நிப்பா, முன்னாலயும் போவ முடியாது பின்னாலயும் போவ முடியாது." அவர் எதையோ எழுதிக்கொண்டார். புள்ளியை எல்லாம் எடுத்துவிடச் சொன்னார். பையன் குதிக்கும்போதெல்லாம் அங்கி மாட்டி அவன் தொங்க வேண்டும், ஆட வேண்டும், இழை நீண்டுகொண்டே போக வேண்டும். ஜெபா எட்டிப் பார்த்து, அந்த இழையைச் சுற்றிக்கொண்டே பேய் ராணி பிள்ளையைத் தேடி வரலாமே என்றாள். ரேகா மேடம் அதையும் எழுதிக்கொண்டார்.

"மீதிக் கோட்டையும் நீங்களே போடுங்க. ஆனா இனிமே எதையும் அழகாப் போடாதீங்க, ப்ளீஸ்."

ஆவணி

ஆடி முடிந்த மறுநாள் டிசைன் சென்டர்க்காரருக்குப் போன் செய்து, வேறு ஆளைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். பேய்க்கு முகூர்த்தம் வந்துவிட்டதா என்று கேட்டுச் சிரித்தார், வாழ்த்தவும் செய்தார். அன்றைக்கு வீட்டில் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அங்கியிலிருந்து புள்ளிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றாக எடுக்கும்போதும் ஏதோ பாவம் செய்கிற மாதிரி இருந்தது. ஒன்பது எடுத்தால் கை தானாக இரண்டைத் திருப்பி வைத்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்த வீட்டுக்காரர் தறியை நிறுத்தினார்.

"பதினோரு வருஷம் மாட்டக்கூடாதுன்னு புள்ளி வெச்சே, இப்போ மாட்டணும்னு புள்ளிய எடுக்கற. ரெண்டுக்கும் சம்பளம் குடுக்கறாங்கன்னா பைத்தியம் நீயா, அவங்களா?"

பயமுறுத்தவும் தெரியாமல், சிரிக்கவைக்கவும் தெரியாமல், கட்டம் மட்டும் நிரப்பத் தெரிந்த ஒருத்தி பேயை நம்பி எப்படிப் பிழைக்கிறாள் என்று தயவுசெய்து என்னைக் கேட்காதீர்கள், சகபாவிகளே, நானே அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.