கல் திருடன் வளைவு

மன்னித்துவிடு, மறந்துவிடு என்று பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை பூசையில் சொன்னால் ஒதீலியா பயபக்தியோடு தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். திங்கட்கிழமை காலை அர்ரெசிஃபே துறைமுகத்தில் என் பேருந்தில் ஏறி, மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, ஒருவனைத் திட்டத் தயாராகிவிடுவாள். பத்தொன்பது வருஷம் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டியவன் நான். பழி வாங்குவதை லீவு போடாமல் ஒரு வேலையாகச் செய்தவள் எனக்குத் தெரிந்து அவள் ஒருத்திதான். மன்னிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பாதிப் பேருக்கு ஞாபகமறதி.

ஆள் குள்ளம். பதினொரு மணிக்கு ஓர் அவித்த முட்டை, அதற்கு மேல் கப்பல் ஆட்களைத் திரும்பக் கொண்டுபோய் விடும்வரை பச்சைத் தண்ணீர்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஐந்து மொழி தெரியும். எல்லாவற்றையும் எங்கள் லான்சரோட்டே தீவு இழுவையோடுதான் பேசுவாள்.

எங்கள் வேலை சொல்லச் சுலபம். கப்பலிலிருந்து இறங்கும் நாற்பத்தெட்டுப் பேரை எட்டரைக்கு ஏற்றினால் இரண்டு மணிக்குள் கப்பலடியில் கொண்டுவந்து விட வேண்டும். நடுவில் நெருப்பு மலை. அங்கே குழியில் காய்ந்த முள்ளைப் போட்டால் தானாகப் பற்றிக்கொள்ளும், குழாயில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் ஆவியாகச் சீறும், எல்லோரும் ஒருதரம் அலறிவிட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். திரும்பும்போது லா ஹேரியா வழியாக வருவோம். எரிமலை கக்கிய கருஞ்சரளை மூடிய சரிவில் குழி குழியாகத் தோண்டி, குழிக்கு ஒரு திராட்சைக் கொடி வைத்து, காற்றைத் தடுக்க அரைவட்டமாகக் கல்சுவர் எழுப்பியிருக்கும் இடம் அது. அங்கே ஒரு வளைவில் ஒதீலியாவின் அப்பா மார்சியாலின் தோட்டம் இருந்தது. அதை ஒட்டி ஹினேஸின் தோட்டம்.

ஹினேஸ் அவளுடைய ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தின்போது அவளைக் கையில் ஏந்தி நின்றவன். மார்சியால் கால் முறிந்து பக்கத்துத் தீவு ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் கிடந்தபோது, தோட்டத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள் என்று அவனிடம்தான் சொல்லிவிட்டுப் போனார். அவனும் பார்த்துக்கொண்டான். அவனிடம் லாரி இருந்தது. தெற்கே புதிதாகக் கட்டிய ஒரு ஹோட்டலுக்குத் தோட்டத்தில் விரிக்கக் கருஞ்சரளை வேண்டியிருந்தது. மார்சியாலின் நிலத்திலிருந்து அத்தனையையும் வாரிக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டான். வேலியே பயிரை மேய்ந்தது.

ஊன்றுகோலோடு திரும்பி வந்த மார்சியால் பார்த்தது வெறும் களிமண்ணை. எங்கள் ஊரில் மழை கிடையாது. இரவு இறங்கும் ஈரத்தைக் குடித்து வேருக்குக் கொடுப்பது அந்தச் சரளைதான். அடுத்த கோடைக்குள் நூற்றுப் பன்னிரண்டு கொடியும் சுள்ளியாகிவிட்டது. மார்சியால்தான் எடுத்துக்கொள்ளும்படி வாயால் சொன்னார் என்று ஹினேஸ் கோர்ட்டில் கூசாமல் சொன்னான். சொன்னதற்கும் சாட்சி இல்லை, சொல்லாததற்கும் சாட்சி இல்லை, வழக்கு தள்ளுபடியானது. அதற்குப் பிறகு மார்சியால் இரண்டு வருஷம் இருந்தார். தோட்டத்துப் பக்கத்து ஜன்னலைத் திறக்கவே விடவில்லை.

அடக்கத்தன்று ஹினேஸ் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு பெட்டிக்குத் தோள் கொடுக்க வந்தான். ஒதீலியா அவன் கையைத் தட்டிவிட்டாள்.

“எங்க வீட்டுலேர்ந்து நீங்க தூக்கிட்டுப் போனது போதும்.”

நிலமும் போய், கோர்ட்டும் கைவிட்ட பெண் வேறு என்ன செய்வாள்? கைடு பரீட்சை எழுதினாள். கையில் மைக் வந்தது. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்.

முதல் வருஷம் அவள் கதையைக் கேட்டவர்கள் சிரித்தார்கள். கல்லையா திருடினான், தீவு பூராவும் கல்தானே என்று ஒரு ஜெர்மன்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்றைக்கு அவள் முட்டையைக்கூடத் தொடவில்லை. அடுத்த நாள் வளைவுக்கு முன்பே வண்டியை நிறுத்தச் சொன்னாள். எல்லோரையும் இறக்கி, சரளைக்குள் கையை விடச் சொன்னாள். மேலே சுட்டது, நாலு விரல் ஆழத்தில் ஈரம் தட்டியது. “இதுதான் எங்க மழை” என்று மட்டும் சொல்லி மறுபடி ஏற்றினாள். அதற்குப் பிறகு கதையைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. சவப்பெட்டி இடம் வந்தபோது பின்சீட்டில் ஒரு பெண் அழுதாள். “வலது பக்கம், பச்சைக் கதவு. ஹினேஸ்” என்று முடித்தாள். நாற்பத்தெட்டுத் தலையும் ஒன்றாகத் திரும்பியது.

கைடுகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் உருவாக்கிய கதையை அவர் வாயால் கொடுக்காமல் இன்னொருவர் மைக்கில் சொல்லக் கூடாது. மற்றவர்கள் தங்கள் கதைகளைப் பொத்திப் பொத்தி வைப்பார்கள். ஒதீலியா கேட்டவருக்கெல்லாம் கொடுத்தாள். மூன்று கப்பல் வந்த நாட்களில் பன்னிரண்டு பேருந்து அந்த வளைவில் வேகத்தைக் குறைக்கும். ஹினேஸ் பச்சைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவான். ஒருதரம் என் வண்டிக் கண்ணாடியில் கல்லெறிந்தான். அந்த நாளெல்லாம் எனக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

ஆனால் அவள் நன்றாகச் சொன்னாள். அதுதான் வினையாயிற்று. வாடகைக் கார்க்காரர்கள் கல் திருடன் வீடு எது என்று கேட்டு வர ஆரம்பித்தார்கள். ஹினேஸ் வெட்கம் கெட்டவனே தவிர முட்டாள் அல்ல. ஒரு வசந்தத்தில் பச்சைக் கதவுக்கு மேல் பலகை ஏறியது: கல் திருடனின் ஒயின். பாட்டிலில் அவன் மூஞ்சி. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான், வந்தவர்கள் தோளில் கைபோட்டுப் படம் எடுத்தார்கள். பயணிகளுக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான் என்று எங்கள் ஆபீஸில் கண்டுபிடித்து, இனி அங்கே இருபது நிமிஷம் நிறுத்த வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

அவளுடைய ஆட்களுக்கே அவன் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தான். அவள் பேருந்துப் படியை விட்டு இறங்க மாட்டாள். ஒரு நாள் அவனே படியருகில் வந்தான்.

“அந்தச் சவப்பெட்டி இடத்துல இன்னும் கொஞ்சம் நிறுத்திச் சொல்லு, மகளே. அங்கதான் அழறாங்க. அழுதவங்கதான் ரெண்டு பாட்டிலா வாங்குறாங்க.”

துறைமுகத்துக்குத் திரும்பினோம். என் பிரேக் ஒருநாள் அந்த நாற்காலிக்கு நேரே பிடிக்காமல் போகலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த திங்கட்கிழமை வளைவு வந்தது. “இங்கே திராட்சை பயிரிடுகிறார்கள். ஒயின் கிடைக்கும். கழிப்பறை பின்பக்கம்” என்றாள். மைக் கெட்டுவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தேன். மைக் நன்றாகத்தான் இருந்தது. அன்று மாலையே துறைமுகக் காப்பிக் கடையில் கைடுகளை உட்கார வைத்து, என் கதையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டாள். கொடுக்காமல் இருக்க முடியாது, வழக்கம் அப்படி.

எல்லோரும் போன பிறகு என்னிடம் சொன்னாள்: “கதையிலேர்ந்து அவன் பேரை எடுத்துட்டா அப்பா பேரும் போயிடுது, சானோ. என் கையாலயே அவரை ரெண்டாந்தரம் புதைக்கிறேன்.”

அப்படியானால் வேண்டாமே என்றேன். வேண்டும் என்றாள்.

கதை போன பிறகு அந்த இடத்தில் என்ன இருந்தது? ஒரு நாற்காலி, ஒரு கிழவன், சுமாரான ஒயின். ஆறின கஞ்சி பழங்கஞ்சி. ஹினேஸ் கொஞ்ச நாள் தானே சொல்லிப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்தது ஸ்பானிஷ் மட்டும். ஆகவே சரளையை வாரி லாரியில் போடுவதுபோல நடித்துக் காட்டினான், மார்பில் அடித்துக்கொண்டு நான்தான் நான்தான் என்றான். கல்லை ஞாபகார்த்தமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறான் என்று நினைத்து ஓர் ஆங்கிலேய அம்மா இரண்டு கல்லைப் பையில் போட்டுக்கொண்டு நன்றி சொன்னாள். நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தேன். ஒதீலியா சிரிக்கவில்லை.

கழிப்பறை நாறுகிறது, ஒரு கிழவர் தொல்லை கொடுக்கிறார் என்று பயணிகள் எழுதினார்கள். மூன்றாம் மாதம் ஆபீஸ் அந்த நிறுத்தத்தை எடுத்துவிட்டது. பலகையை வெயில் தின்றது.

பிப்ரவரியில் ஒரு காலை, வரிசையில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தபோது ஹினேஸ் துறைமுகத்துக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான். ஒதீலியா கையில் பயணிகள் பட்டியலோடு கதவருகே நின்றாள்.

“திட்டு, மகளே. பழையபடி திட்டு. பேரைச் சொல்லி, அஞ்சு பாஷையிலயும் திட்டு. கடைக்கு ஒரு நாய்கூட வர்றதில்ல.”

அவள் ஒருவரை ஏற்றி, பட்டியலில் கோடு போட்டாள்.

அவன் குரலைத் தாழ்த்தினான். “அன்னிக்கு மார்சியால் வாயால ஒண்ணும் சொல்லல. நான்தான் பொய் சொன்னேன். அதையும் சேத்துச் சொல்லிக்கோ, இன்னும் நல்லாருக்கும்.”

இருபத்து மூன்று வருஷமாக அவள் வீடும் கோர்ட்டும் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. அவள் நிமிர்ந்து, தினமும் நாற்பத்தெட்டுப் பேருக்குக் காட்டும் அதே சிரிப்போடு அவனைப் பார்த்தாள்.

“மன்னிக்கணும் சார். நீங்க எந்தக் கப்பல்?”

“ஒதீலியா... நான் உன் ஞானத்தகப்பன். ஹினேஸ்.”

அவள் பட்டியலை மேலிருந்து கீழாக விரலை வைத்துப் பொறுமையாகப் பார்த்தாள்.

“அந்தப் பேர்ல யாரும் இல்லையே, சார்.”

பிறகு ஏறி, உட்கார்ந்தவர்களை எண்ணினாள். கதவை மூடச் சொன்னாள். மூடினேன். எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை.