‘மேலும் காண்க’ என்பதற்குக் கீழே இருந்தது

குழந்தைவேலு அண்ணன் போய்விட்டார்.

நேற்றுக் காலை, திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில், சேலம் பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே... மாரடைப்பு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போர்வெல் போடும் ரிக் வண்டிகளுக்குக் கம்ப்ரசர் மெக்கானிக். எங்கள் ரிக் வண்டிக்காரர்கள் முகநூல் குழுவில் யார் சந்தேகம் கேட்டாலும் முதல் பதில் அவருடையதுதான்.

பதில் என்றால்... ஒரே பாரா. புள்ளி இல்லை, கமா இல்லை, நடுவில் ஒரு வரி இடைவெளி இல்லை. சுவர் எழுப்பிய மாதிரி நிற்கும்.

அதை வைத்துப் பெயர் வாங்கியவன் நான். என் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஈ ஓட்டும் நேரத்தில் அவர் பதிலை எடுத்து, ஒன்று இரண்டு என்று நம்பர் போட்டு, முக்கியமானதைத் தடித்த எழுத்தாக்கி, கமெண்டில் போடுவேன். அவருக்கு நாலு லைக், எனக்கு நூறு. வெட்கமே இல்லாமல் நன்றியும் சொல்லிக்கொள்வேன்.

ஒருமுறை கமெண்டில் கேட்டேன்: “அண்ணா, இது பதிவா, போர்வெல்லுக்குள்ள எறக்கற கேசிங் பைப்பா? மூச்சு விட ஒரு சந்து வெய்ங்க!”

அன்றைக்கே போன். “ஏனுங்க தம்பி, நீங்க பேசறப்ப ஊடால புள்ளி வெச்சா பேசறீங்க?” சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது அவருக்கு.

பிறகு பட்டறைக்குப் போனபோதுதான் பார்த்தேன். கை முழுக்க கிரீஸ். போனை ஸ்டூலில் சாய்த்து வைத்து அதனிடம் பேசிக்கொண்டிருந்தார். வாய்ஸ் டைப்பிங்.

“நாம்ப சொல்றத அது எழுதுதுங்க. எங்க நிறுத்தறதுன்னு அதுக்குத் தெரீல சாமி.”

அதையும் காமெடிப் பதிவாக்கினேன். முந்நூறு லைக்.

செவ்வாய்க்கிழமை ஒரு பதிவு போட்டிருந்தார். கம்ப்ரசர் வால்வு பற்றித் தொடங்கியது. நாலு வரிக்குப் பிறகு ‘மேலும் காண்க’. சாயங்காலம் பிரித்துப் போடலாம் என்று ஒரு ஹார்ட் மட்டும் போட்டுவிட்டு நகர்ந்தேன். மறந்தும் போனேன்.

நேற்று சாவுச் செய்தி வந்த பிறகுதான் அதை அமுக்கினேன்.

வால்வு முடிந்து, ஆயில் மாற்றுவது முடிந்து, அதே வேகத்தில், நடுவில்...

“அப்பறம் ரெண்டு நாளா நெஞ்சப் புடிச்ச மாதிரி இருக்குது வியாழக்கெழம காலைல சேலத்துல டாக்டரப் பாக்கோணும் பையன் வண்டியோட சத்தீஸ்கர்ல இருக்கறான் பஸ்ல தனியாப் போகப் பயமா இருக்குது ஆராச்சும் கார் எடுத்துட்டு வந்தாத் தேவலைங்க அப்பறம் அந்த ஆயில் பில்டர மட்டும் பழசப் போட்றாதீங்க”

கீழே ஐம்பத்து மூன்று லைக். “சூப்பர் தகவல் அண்ணா” என்று ஆறு பேர்.

அவர் வீட்டுக்குப் போனேன். “ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதுங்களா அக்கா?” என்று அவர் மனைவியிடம் கேட்டும் தொலைத்தேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

“நேரா கேக்கக் கூச்சப்பட்டாருங்க தம்பி. அத்தன பேரு பாத்துட்டாங்க, ஆராச்சும் வருவாங்கன்னு விடிஞ்சதுல இருந்து வாசல்லயே நின்னாரு. ஏழு மணிக்கு மேலதான் பையை எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாரு.”

மகன் வந்துகொண்டிருக்கிறான். இன்று மாலை நான்கு மணிக்கு எடுக்கிறார்கள்.

நேற்றுக் காலை முழுக்க என் கார் என் வீட்டு வாசலில்தான் நின்றது, அண்ணா.

போய் வாங்க.