மயில் வராத பாட்டு

சுடலையம்மாளுக்குத் தீராத இடுப்பு வலி என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படி ஒரு வலியே அவளுக்குக் கிடையாது. இல்லாத வலியைச் சொல்லிச் சொல்லியே இருந்ததையும் தொலைத்துவிட்டாள் பாவி மகள். இதில் யார்மேல் பழி போட?

அவள் புருஷன் மாயகிருஷ்ணன் பகலில் கோவில்பட்டியில் மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டுகிறவன். கோயில் கொடைத் திருவிழா வந்துவிட்டால் கருத்தையாவின் மெல்லிசைக் குழுவில் கிதார் வாசிப்பான். இரண்டாயிரத்து மூன்றில் சிங்கப்பூரிலிருந்து வந்த மச்சான் அவனுக்கு ஒரு ஆம்ப் கொண்டுவந்து கொடுத்தான். பார்த்தால் சாதாரண ஸ்பீக்கர் பெட்டிதான், ஆனால் உள்ளே ஏதோ கம்ப்யூட்டர் இருந்தது. மேலே ஒரு திருகு, அதைச் சுற்றிப் பதினாறு இங்கிலீஷ் பெயர்கள். திருப்பத் திருப்ப அதே கிதார் ஒரு இடத்தில் தெளிவாகப் பேசும், ஒரு இடத்தில் கரகரக்கும், ஒரு இடத்தில் அலறும். காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றுகிற கட்டை ஒன்றும் உண்டாம். அதைத் தனியாக வாங்க வேண்டுமாம். மச்சான் வாங்கவில்லை.

இரண்டு கையும் கிதாரில் இருக்கும்போது திருகை யார் திருப்புவது? முதல் கொடையில் அவனே குனிந்து திருப்பப்போய், பாட்டு ஒரு பக்கம் ஓட இவன் ஒரு பக்கம் நின்றான். கருத்தையா மேடையிலேயே பல்லைக் கடித்தான். அடுத்த கொடைக்கு மாயகிருஷ்ணன் பெண்டாட்டியைக் கூட்டிப்போய்ப் பெட்டிக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டான்.

தீப்பெட்டி ஆபீஸில் மரச்சட்டத்தில் குச்சி அடுக்குகிற விரல்கள் அவளுடையவை. அந்த விரலுக்குத் திருகு எம்மாத்திரம்? இங்கிலீஷ்தான் வாசிக்க வராது. ஆபீஸில் கழித்துப் போட்ட லேபிள்களைப் பொறுக்கி வந்தாள். படத்தை மட்டும் நறுக்கி, மைதாப் பசை தொட்டு, திருகைச் சுற்றி ஒட்டினாள். தெளிந்த சத்தத்துக்குக் கிளி. அலறலுக்குப் புலி. கனத்து உறுமுவதற்கு யானை. அலை அலையாக நடுங்குகிற ஒரு சத்தத்துக்கு மயில். கொஞ்ச நாளில் குழுவில் எல்லாருமே, இந்தப் பாட்டுக்குப் புலிதானே என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

மாயகிருஷ்ணன் குதிகாலைத் தட்டினால் அவள் திருப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. போகப் போக அவன் தட்டவே வேண்டியிருக்கவில்லை. கயத்தாற்றுக் கொடையில் ஒரு சோகப் பாட்டு. கிளியிலேயே முழுக்கப் போகிற பாட்டு அது. கடைசிச் சரணத்துக்கு முந்தி அவளுக்கு என்ன தோன்றியதோ, யாரையும் கேட்காமல் மயிலுக்குத் திருப்பிவிட்டாள். கிதார் அழுதது. மாயகிருஷ்ணன் திடுக்கிட்டுத் திரும்பி அவளைப் பார்த்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவன் அவளை அப்படிப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பிறகு அந்தப் பாட்டில் அந்த இடத்துக்கு மயில்தான். கொடை முடிந்து மறுபடி குச்சி அடுக்க உட்காரும்போது அந்த ஒரு பார்வையை நினைத்துக்கொண்டேதான் அவள் அடுக்கினாள்.

இதை வெளியில் சொல்ல முடியுமா? மேடையில் ஆம்பிளைகளோடு போய் உட்கார்வது எனக்குப் பிடித்திருக்கிறது என்று ஒரு பெண் சொன்னால் தெரு சும்மா விடுமா? மாமியார் ஆவுடைத்தாய்தான் விடுவாளா? அதனால் வேன் ஏறும்போதெல்லாம் சுடலையம்மாள் புலம்பிக்கொண்டே ஏறுவாள். "எனக்கு மட்டும் ஆசையா என்ன? இவியளுக்காகப் போய்த் தொலையுதேன். குந்தியே இருந்து இடுப்பு ஒடியுது." புலம்பப் புலம்ப ஆவுடைத்தாய்க்கு மருமகள்மேல் இரக்கம் வந்தது. போய்விட்டு வா என்று அவளே அனுப்பிவைத்தாள். புலம்பல்தான் அவளுக்குப் பாஸ்.

அந்தப் புலம்பலை மாயகிருஷ்ணனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். நல்ல மனுஷன், அதுதான் வினை. அவளிடம் மூச்சுவிடாமல் மச்சானுக்குப் போன் போட்டுச் சொல்லி வைத்தான். இரண்டு வருஷம் கழித்து மச்சான் வந்தபோது பயணப் பெட்டியிலிருந்து அந்த மிதிகட்டையை எடுத்து வைத்தான்.

"இனிமே ஒனக்கு அலைச்சல் இல்லட்டி. இடுப்பு இடுப்புன்னு கெடந்தியே" என்றான் மாயகிருஷ்ணன். அவன் முகம் பூரித்துப் போயிருந்தது. ஆவுடைத்தாய், புருஷன்னா இப்படி இருக்கணும் என்றாள். அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு, எனக்கு வலியே இல்லை, நான் வருகிறேன் என்று எப்படிச் சொல்வாள்? சந்தோஷம் என்றாள். அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

மிதிகட்டையில் நாலு சத்தம்தான் பதிந்து வைக்கலாம். படங்களுக்கு வேலையில்லை. மண்ணெண்ணெய்த் துணியால் அவற்றைத் துடைத்தெடுத்ததும் மாயகிருஷ்ணன்தான்.

கடம்பூர்க் கொடைக்கு அவளையும் வேனில் ஏற்றிக்கொண்டார்கள், நிம்மதியாக உட்கார்ந்து பாட்டுக் கேட்கட்டும் என்று. முதல் தடவையாகப் பொம்பளைகளோடு தரையில் உட்கார்ந்து மேடையைப் பார்த்தாள். பெட்டிக்குப் பின்னால் வெறும் படுதா தொங்கியது. கிளி வந்தது, புலி வந்தது. மிதித்ததும் சரியாகத்தான் மாறியது. மடியில் கிடந்த அவள் கை ஒவ்வொரு தடவையும் தானாகத் திரும்பியது.

அந்தச் சோகப் பாட்டு வந்தது. கடைசிச் சரணத்துக்கு முந்தி அவள் கை மயிலுக்குத் திரும்பிவிட்டது. மேடையில் கிளியே பேசிக்கொண்டிருந்தது. மறந்திருப்பான், இதோ மிதிப்பான் என்று அவன் காலையே பார்த்தாள். பாட்டு முடிந்தது. சனம் வழக்கம்போல விசிலடித்துக் கைதட்டியது.

வேனில் சாமான் ஏற்றும்போது அவன் பக்கத்தில் போய் நின்றாள். மயில் எங்கே என்று கேட்டாள்.

"நாலுதானட்டி அதுல கொள்ளும். அத விட்டுட்டேன். ஒருத்தனுக்காவது தெரிஞ்சிச்சா பாத்தியா?" என்று சிரித்தான்.

எனக்குத் தெரிந்தது என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் இத்தனை வருஷம் அவளுக்குப் பழகிய பேச்சு ஒன்றே ஒன்றுதான்.

"இடுப்பு வலிக்கு. வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

மாயகிருஷ்ணன் கையிலிருந்த வயரைச் சுருட்டுவதை நிறுத்தினான். "இன்னைக்கு ஒரு வேலையும் பாக்கலியேட்டி, சும்மாத்தான உக்காந்திருந்த? பொறவு எப்படி வலிக்கும்?"

அவள் வேனில் ஏறி, ஆம்ப் பெட்டியை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.