பௌர்ணமிமேல் போட்ட பழி

செங்கம் ரோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். படிப்பு எட்டாவதோடு சரி. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவது பார்த்துப் பார்த்து வந்தது.

கடைக் கம்ப்யூட்டரில் ஒரு சர்வர் சாஃப்ட்வேர் போட்டிருந்தேன். அதில் படம், வீடியோ வைத்தால் வெளிநாட்டில் இருப்பவர் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்து டெய்லர் பாய், தம்பி மகளின் நிக்காஹ் வீடியோவைக் கொண்டுவந்தார். தம்பி சவுதியில் இருந்தார். லீவு கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை விடியும்போது பாலைவன கேம்புக்குப் போகிறார். அங்கே நெட் கிடையாது.

"அதுக்குள்ள பாத்துடணுங்க" என்றார் பாய்.

படங்கள் போயின. வீடியோ ஆரம்பத்திலேயே அறுந்தது. அன்று பௌர்ணமி.

"கிரிவலக் கூட்டம் பாய். லைன் ஜாம்."

"ஆமாங்க, எல்லாம் பௌர்ணமிதான். என் மிஷின் ஊசி ஒடைஞ்சதுகூட."

எங்கள் ஊரில் எது கெட்டாலும் இதுதான் பேச்சு. கூட்டம் வடியட்டும் என்று இரண்டு நாள் சும்மா இருந்தேன்.

வியாழக்கிழமையும் அறுந்தது. நெட் இல்லாத என் வீட்டில் அதே சாஃப்ட்வேரைப் போட்டு, அதே வீடியோவை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பிப் பார்த்தேன்; முழுசாகப் போனது. வீட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பது லினக்ஸ் சிஸ்டம், கடையில் இருப்பது வேறு. அப்போதுதான் உட்கார்ந்து அந்த சாஃப்ட்வேரின் புரோகிராமைப் படித்தேன். சர்வர் முழு வீடியோவையும் ஒரே தடவையில் நெட்டுக்குள் தள்ளியது. வீட்டு சிஸ்டம் முடிந்ததை வாங்கிக்கொண்டு, இவ்வளவு வாங்கினேன் என்று சொல்லும். கடை சிஸ்டம் அளவுக்கு மேல் கொடுத்தால் ஒன்றையும் வாங்காது. துண்டு துண்டாகக் கொடுக்கும்படி மாற்றினேன். மாற்றியது பத்து வரிகூட இருக்காது.

வெள்ளி மதியம் வெளியிலிருந்து எடுத்துப் பார்த்தபோது வீடியோ அறாமல் முழுசாக வந்தது. தொழுகை முடிந்து பாய் வந்தார்.

"காலைலயே கெளம்பிட்டான். விடுங்க."

"தப்பு என்னுதுங்க பாய். ரெண்டு நாள் வீணாக்கிட்டேன்."

"நானுந்தான் ஆமாம் போட்டேன்."

அடுத்த வெள்ளி கேம்பிலிருந்து பாயின் செல்லுக்கு போன் வந்தது. வாரம் ஒருமுறை, சில நிமிஷம்தான் பேச விடுவார்களாம். பாய் என் கடைக்கு ஓடிவந்து, "வீடியோவைப் போடுங்க" என்றார். போட்டேன்.

"இப்ப பொண்ண கூட்டிட்டு வராங்கடா. பச்சைப் பொடவை. நான் தெச்ச ஜாக்கெட்... இல்லடா, அது அழல. உன் அண்ணிதான் அழுவுறா. பூ ஜாஸ்தி வெச்சிட்டாங்க, தலை தூக்க முடியல..."

லைன் போய்விட்டது. வீடியோவை நிறுத்தி, நின்ற நிமிஷத்தை ஒரு தாளில் குறித்து வைத்தேன்.

அதற்கடுத்த வெள்ளி அங்கிருந்து ஆரம்பித்தோம்.