பெரியம்மாவின் நாக்கும் தோளும்

என் பெரியம்மா ஒரு பெரிய மருத்துவமனையின் ஊழியர் கேன்டீனில் தலைமைச் சமையல்காரி. ஐம்பதை நெருங்கும் வயது. ஆள் உயரம், அதைவிடத் தோள் அகலம். பள்ளிக்கூடத்தில் அவருக்கு ‘பீரோ’ என்று பெயர். பெண் பார்க்க வந்தவர்கள் சிலர், “பொண்ணு கொஞ்சம் ஓங்குதாங்கா இருக்கே” என்று இழுத்துவிட்டுப் போனார்கள். அதனாலோ என்னவோ, தோளை ஒளித்து வைப்பதை அவர் ஒரு கலையாகவே கற்றிருந்தார். தொளதொளவென்று முழுக்கைச் சட்டை, லேசான கூன், குடும்பப் படங்களில் எப்போதும் பின்வரிசை.

பெரியப்பா மட்டும் அந்தத் தோளைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. அவர் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். “எனக்கு அகலமான சுவர்தான் பிடிக்கும். வேலை சீக்கிரம் நடக்கும்” என்பார்.

பெரிய அண்டாக்களில் வருடக்கணக்காகத் துழாவியதில் பெரியம்மாவின் வலது கையில் வலி வந்தது. கேன்டீனில் தினமும் சாப்பிடும் பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருநாள் தட்டோடு வந்து நின்று, “அக்கா, தைலம் தடவி ஒண்ணும் ஆகாது. ஒழுங்கா வெயிட் தூக்கிப் பழகுங்க” என்றாள்.

“இங்க தூக்கற அண்டா பத்தாதா?”

“அண்டா உங்களத் தூக்குது அக்கா. நீங்க அதத் தூக்கல.”

அந்தப் பதில் பெரியம்மாவுக்கு உறைத்துவிட்டது. டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஜிம்மில் போய்ச் சேர்ந்தார். அங்கே எந்நேரமும் ரப்பர் வாசனை அடிக்கும். பயிற்சியாளர் அவரைவிட ரொம்பச் சின்னவர். முதல் நாள் ரோஸ் நிறத்தில் ஒரு குட்டி டம்பெல்லை எடுத்துக் கொடுத்தார். பெரியம்மா அதை டீஸ்பூனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு ஓரமாகக் கிடந்த கம்பியைக் காட்டி, “அது யாருது?” என்று கேட்டார். இரண்டு பக்கமும் தட்டு மாட்டியிருந்த அந்தக் கம்பியை, சுடுசோற்றுக் குண்டானை இறக்கி வைப்பதுபோல முதுகு வளையாமல் தூக்கி இறக்கினார்.

பயிற்சியாளர் ரோஸ் டம்பெல்லை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தார். “மேடம், என்ன வேலை பாக்கறீங்க?”

“சமைக்கறேன்.”

“யானைக்கா?”

“டாக்டருங்களுக்குத் தம்பி. தீனி விஷயத்துல ரெண்டும் ஒண்ணுதான்.”

கை வலி சில மாதங்களில் போய்விட்டது. பெரியம்மா ஜிம்மை விடவில்லை. ஒரு வருடத்துக்கும் மேல் ஆனபின் ஒருநாள், பயிற்சியாளர் முன்னும் பின்னும் கண்ணாடி வைத்து அவருடைய முதுகை அவருக்கே காட்டினார். அதுவரை அவர் தன் முதுகைப் பார்த்ததே இல்லை. “இது என்னுதா?” என்று கேட்டாராம். அன்றுதான் பயிற்சியாளர், உடற்கட்டுப் போட்டி ஒன்று இருக்கிறது, நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்கென்று தனிப் பிரிவும் உண்டு என்று சொன்னார்.

முடியவே முடியாது என்று பெரியம்மா ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்:

“வாழ்க்கை பூரா இத மறைச்சே வெச்சிருந்துட்டேன். ஒரே ஒரு தடவ, நாலு பேருக்கு முன்னாடி நிமிர்ந்து நின்னு காட்டிடணும். ஜெயிக்கறதெல்லாம் அப்புறம். நின்னுட்டா போதும்.”

பெயர் கொடுத்தாயிற்று. முட்டையின் வெள்ளைக்கரு, வேகவைத்த கோழி, வெள்ளரிக்காய் என்று சாப்பாடு மாறியது. “கடைசி மாசம் உப்பக் கொஞ்சம் குறைச்சுக்கலாம் மேடம்” என்று பயிற்சியாளர் பேச்சுவாக்கில் சொன்னார். அங்கேதான் தப்பு நடந்தது. பெரியம்மாவுக்குக் ‘கொஞ்சம்’ என்பதில் எப்போதுமே நம்பிக்கை கிடையாது. சமையலறையில் யாராவது கொஞ்சம் போடுகிறேன் என்றால், “கொஞ்சம்னா எவ்வளவு? உன் கொஞ்சமா, என் கொஞ்சமா?” என்று கேட்பவர். அன்று சாயங்காலமே தன் தட்டிலிருந்து உப்பை அடியோடு எடுத்துவிட்டார். போட்டிக்கு அப்போது மூன்று மாதம் இருந்தது. இதைப் பயிற்சியாளரிடம்கூடச் சொல்லவில்லை.

கேன்டீனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அங்கே மேஜைகளில் உப்புக் குப்பி இருக்காது. பெரியம்மா வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட்டார். “உப்பு நான் போட்டாச்சு. அதுக்கு மேல வேணும்னா உள்ள வந்து நீங்களே சமைச்சுக்கோங்க” என்பதுதான் சட்டம். பெரிய டாக்டர்களும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். காரணம், அவர் போடும் உப்பு தப்பியதே இல்லை. ருசி பார்ப்பதும் அவர் ஒருவர்தான். கரண்டியிலிருந்து உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, நாக்கில் வைத்து, கண்ணை மூடித் திறப்பார். அந்தக் கரண்டி வேறு கைக்குப் போனதில்லை. பல வருடங்களாகப் பக்கத்தில் நின்று காய் நறுக்கும் துணைச் சமையல்காரிக்கும் போனதில்லை. அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர். வாய் ஓயாது.

உப்பை விட்ட நாக்கு கூர்மையாகிவிடும் என்பது பெரியம்மாவுக்குத் தெரியாது. ஒரு கல் உப்பே அவருக்குக் கரிக்கத் தொடங்கியது. அதனால் அண்டாவிலும் நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்தார். எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் அவருக்குப் பட்டது.

“அக்கா, நோயாளிங்க சாப்பாடு இங்க மாறி வந்துடுச்சா?” என்று எக்ஸ்ரே எடுப்பவர் கேட்டார்.

“கடையில தின்னு தின்னு உங்க நாக்கு செத்துப் போச்சு” என்று பெரியம்மா அவரை அனுப்பிவைத்தார்.

தட்டுகள் பாதி மிச்சத்தோடு திரும்பி வந்தன. மழைக்காலம், பசி மந்தம் என்று அவரே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். ரேடியோ சில நாட்களாகப் பேச்சைக் குறைத்திருந்தாள். அதிலாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, மேஜை துடைப்பவர் வராததால் பெரியம்மாவே தட்டு எடுக்கச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் போனார். ஜன்னலோர மேஜையில் தலைமை நர்ஸ். பெரியம்மாவின் கைச்சாப்பாட்டை மற்ற யாரையும்விட அதிக காலமாகச் சாப்பிடுபவர். சீருடைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, சூப்பில் தூவி, மேஜைக்கு அடியில் அடுத்தவரிடம் கொடுத்தார். அவர் தூவி அதற்கு அடுத்தவரிடம் கொடுத்தார். பரீட்சையில் பிட்டு கடத்துவதுபோலப் பொட்டலம் மேஜையைச் சுற்றி வந்தது. கடைசி ஆள் நிமிர்ந்தபோது எதிரே பெரியம்மா நின்றிருந்தார்.

“அது... அது வந்து அக்கா” என்றார் தலைமை நர்ஸ். “எனக்குப் பிரஷர் கொஞ்சம் இறங்கிப் போச்சு. அதான்...”

“ஒரு மேஜைக்கே இறங்கிடுச்சா?”

பெரியம்மா உள்ளே போய், ஒரு கிண்ணத்தில் சூப்பை ஊற்றி ரேடியோவிடம் நீட்டினார்.

“குடிச்சுட்டுச் சொல்லு.”

ரேடியோ குடித்தாள். “வெந்நி மாதிரி இருக்குக்கா.”

“எத்தன நாளா?”

“ரொம்ப நாளா.”

“ஏன்டி சொல்லல?”

“நீங்க எப்ப என்னக் கேட்டீங்க, நான் சொல்றதுக்கு?”

அன்று மாலை நான் பெரியம்மா வீட்டில் இருந்தேன். வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, “போட்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம். பேர எடுத்துடறேன்” என்றார். எழுந்துபோய், அவித்த முட்டையில் எல்லோரும் போடுகிற அளவுக்கு உப்பைப் போட்டுக் கடித்தார். விழுங்க முடியாமல் துப்பிவிட்டார். “கடல் தண்ணி மாதிரி இருக்கு” என்று சொல்லும்போதே அழுதுவிட்டார். பெரியம்மா அழுது நான் அன்றுதான் பார்த்தேன்.

பெரியப்பா பயிற்சியாளருக்குப் போன் போட்டுக் கொடுத்தார். மறுமுனையில் கத்தியது எனக்கே கேட்டது: “குறைக்கத்தானே மேடம் சொன்னேன், யாரு நிறுத்தச் சொன்னா? இன்னிலேருந்து பழையபடி போட ஆரம்பிங்க. நாக்கு சரியாக ஒரு மாசமாவது ஆகும்!”

மறுநாள் காலை அண்டாவுக்கு முன்னால் நடந்ததை ரேடியோதான் பிறகு எனக்குச் சொன்னாள். ஒன்றுக்கு மூன்றாகவும் சொல்லியிருக்கலாம். பெரியம்மா மறுக்கவில்லை.

“போட்டிக்குப் போகல. இந்த நாக்க வெச்சுக்கிட்டு நான் சமையல்காரியே இல்ல, அப்புறம் மேடை எதுக்கு?” என்றாராம் பெரியம்மா.

“போட்டிய விட்டா நாக்கு நாளைக்கே வந்துடுமா?”

“வராது.”

“அப்ப தோளும் போச்சு, நாக்கும் போச்சு. நல்ல கணக்குக்கா இது! நான் ஒருத்தி இங்க எதுக்கு நிக்கறேன்? கேரட்டுக்குக் காவலா?” என்று ரேடியோ உள்ளங்கையை நீட்டினாள். “ஊத்துங்க. நீங்க போய்த் தோளக் காட்டுங்க. நாக்க நான் பாத்துக்கறேன்.”

பெரியம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாராம். சூப் கொதித்துப் பொங்கும் வரைக்கும் நின்றாராம். பிறகு கரண்டியைச் சாய்த்து இரண்டு சொட்டு விட்டார்.

“இன்னும் ஒரு கை உப்பு போடணும்” என்றாள் ரேடியோ.

பெரியம்மா அரைக் கை போட்டார்.

“அக்கா, ஒரு கைன்னா ஒரு கைதான்.”

மீதியையும் போட்டார். மத்தியானம் தட்டெல்லாம் வழித்த தட்டாகத் திரும்பி வந்தது. “சந்தோஷமாவும் இருந்துச்சு, வயிறெரிச்சலாவும் இருந்துச்சு” என்று பெரியம்மா என்னிடம் ஒப்புக்கொண்டார். பேரை எடுக்கவில்லை.

போட்டி நடந்த அரங்கத்தின் பின்கட்டு முழுக்க எண்ணெய், வியர்வை, பெயிண்ட் வாசனை கலந்து கிடந்தது. மேடை விளக்கில் தசை எடுத்துத் தெரிய எல்லோரும் உடம்பில் கரும்பழுப்புச் சாயம் பூச வேண்டும். மற்றவர்களுக்குப் பஞ்சால் ஒற்றிவிட ஆட்கள் வந்திருந்தார்கள். பெரியப்பா தன் பெட்டியைத் திறந்து, புத்தம்புதிய மெல்லிய பிரஷ்ஷும் சின்ன ரோலரும் எடுத்தார். ஜிம் தோழி ஒருத்தியிடம் இரவல் வாங்கிய நீல நிறப் போட்டி உடையில் பெரியம்மா கைகளை விரித்து நின்றார்.

“சுவர் ஆடக் கூடாது.”

“கூசுதுங்க.”

“சுவர் பேசவும் கூடாது.” முதல் பூச்சு காயும்வரை அட்டையால் விசிறினார். முழங்கையைக் குனிந்து பார்த்துவிட்டு, “இங்க மட்டும் பிடிக்க மாட்டேங்குது. வீடா இருந்தா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிருப்பேன்” என்றார்.

“உப்புங்கற பேச்சையே எடுக்காதீங்க.”

பக்கத்தில் நின்ற போட்டிக்காரப் பெண்மணி ஒருவர் பெரியம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், “அண்ணே, எனக்கும் ஒரு கோட் அடிச்சு விடறீங்களா?” என்று கேட்டார். பெரியப்பா அவருக்கும் அடித்துவிட்டார்.

நான் அரங்கத்தில் போய் உட்கார்ந்தேன். பெரியம்மாவின் பிரிவில் ஐந்து பேர். மற்ற நால்வரும் சிரித்துக்கொண்டே நடந்து வந்தார்கள். பெரியம்மா கடைசியாக வந்தார். விளக்கு மேலே விழுந்ததும் தோள் தானாகக் குறுகிவிட்டது. கைகள் வயிற்றுக்கு முன்னால் ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொண்டன. அவ்வளவு தசையும் அந்தக் கூனுக்குள் எங்கோ போய் ஒளிந்துகொண்டதுபோல இருந்தது. முதல் போஸில் மற்றவர்கள் கையை மடக்கிக் காட்டியபோது இவர் அரைகுறையாகத் தூக்கினார். எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம்போல இருந்தது. மேடையோரத் திரைக்குப் பக்கத்தில் பயிற்சியாளர் தலையில் கை வைத்திருந்தார்.

“பின்பக்கம் திரும்புங்க” என்றார் நடுவர்.

பெரியம்மா திரும்பினார். இப்போது அவருக்கு எதிரே வெறும் கறுப்புத் திரைதான். பார்க்கிற கண் ஒன்றும் இல்லை. அவர் ஒரு முறை மூச்சை இழுத்து விட்டார். கைகள் மெல்ல மேலே போயின. தோள்கள் விரிந்தன. கழுத்தடியிலிருந்து இடுப்பு வரைக்கும் அந்த முதுகு வரிவரியாக எழுந்து நின்றது.

எனக்குப் பின்னால் யாரோ, “யப்பா, யாருடா அது?” என்றார். பிறகு விசில். கைதட்டல் முன்வரிசையிலிருந்து கடைசிவரை போனது. அந்தச் சத்தம் தனக்கானது என்று பெரியம்மாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்திருக்க வேண்டும். காது சிவந்ததா என்று சாயத்தை மீறித் தெரியவில்லை.

“முன்பக்கம் திரும்புங்க.”

கைகளை இறக்காமலே திரும்பினார். தோள் குறுகவில்லை. எல்லோரையும் நேருக்கு நேராகப் பார்த்தார். போஸ் முடிந்து மற்றவர்கள் கையை இறக்கிய பிறகும் அவர் இறக்கவில்லை. “போதும் மேடம், இறக்கலாம்” என்று நடுவர் சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்த பெரியப்பா சாயம் படிந்த கையால் கண்ணைத் துடைத்து, முகத்தில் பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டார்.

நான்காம் இடம். கோப்பை மூவருக்குத்தான். பெரியம்மா நேராக நடுவர்களில் ஒருவரான ஒரு பெண்மணியிடம் போய், “என்னம்மா குறை?” என்று கேட்டார்.

“முதுகும் தோளும் இந்த வரிசையிலேயே உங்களுதுதான் நல்லது. கால்தான் பத்தல.”

வெளியே வரும்போது ரேடியோவுக்குப் போன் செய்தார். அவள் கேன்டீனைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நின்னேன்டி” என்றார், வேறு ஒன்றும் சொல்லாமல். அந்தப் பக்கம் நர்ஸுகள் கூச்சல் போடுவது கேட்டது.

பேருந்தில் கூட்டம். சாயம் பூசிய உயரமான பெண்மணியைப் பார்த்து ஒரு கல்லூரி மாணவர் சட்டென்று எழுந்து, “உக்காருங்கம்மா” என்றார்.

“வேணாம்ப்பா, நீ உக்காரு” என்று பெரியம்மா மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு பெரியப்பாவிடம் திரும்பி, “கால் பத்தலையாம்” என்றார்.

“இத்தன வருஷம் அடுப்பு முன்னாடி நின்ன காலு. அது பத்தலையாமா?”

“நின்னா போதாதாம். உக்காந்து எந்திரிக்கணுமாம். நாளைக்கே தம்பிகிட்டக் கேட்டு ஆரம்பிக்கறேன். அடுத்த போட்டிக்கு ஒரு வருஷம் முழுசா இருக்கு.”

“இந்தத் தடவையாவது அந்தத் தம்பி சொல்றத மட்டும் செய்” என்றார் பெரியப்பா. பெரியம்மா வாய்விட்டுச் சிரித்தார். பேருந்தில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள்.